கடனுக்கு வாங்கிய தெரு

நகராட்சி கடனுக்கு வாங்கிய தெரு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. இருநூறு அடி நீளம், நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் நடைபாதை, நான்கு பெஞ்சு, ஒரு பேருந்து நிழற்குடை. பாய் மாதிரி சுருட்டி, இரண்டு இடத்தில் கயிறு கட்டி, எட்டுப் பேர் தோளில் சுமந்துவந்து நகராட்சி வாசலில் இறக்கினார்கள். இறக்கியவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அன்று தண்ணீர் விடாத நாள் என்பதால் குடிக்காமலேயே போனார்கள்.

ஊரில் அப்போது பணம் இல்லை. இல்லை என்றால் துடைத்து வைத்த மாதிரி இல்லை. மணிக்கூண்டின் பெரிய முள்ளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சின்ன முள்ளை மட்டும் வைத்து நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்களும் சுமார் நாலு, சுமார் அஞ்சு என்று வாழப் பழகிவிட்டார்கள். தெருவிளக்குகள் முதலில் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தன, அப்புறம் ஒன்றே ஒன்று எரிந்தது. ஊரின் நாற்பத்திரண்டு தெருக்களும் குண்டும் குழியுமாகக் கிடந்தன. இத்தனைக்கும் நடுவில், தேர்தல் வருவதற்குள் தெரு மேம்பாடு என்று ஏதாவது செய்து காட்டியாக வேண்டும் என்று நகராட்சித் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். சாலை போடும் காண்ட்ராக்டர்கள் பழைய பில் எதுவும் வராததால் நகராட்சிக் கட்டடத்தைக் கண்டாலே எதிர்ப்பக்கமாகக் கடந்து போனார்கள். இன்னும் கடன் கொடுக்க மனசுள்ள ஒரே ஆள், கூட்ட அரங்கத்துக்குக் கம்பளம் போட்டுக் கொடுத்த கம்பளக் கடைக்காரர்தான். அவர் ஜென்மத்தில் சாலை வேலை பார்த்ததில்லை. “விரிக்கிறதுதானே தலைவரே, விரிச்சிடலாம்” என்றார். தனக்குத் தெரிந்த முறையில் செய்து கொண்டுவந்தார்.

நகராட்சிப் பொறியாளர் குனிந்து ஒரு முனையைப் புரட்டிப் பார்த்தார். மேலே அசல் தார். அடியில் நெசவு. ஓரம் மடித்துத் தைத்திருந்தது. சாலைக்கு ஓரம் தைத்துத் தான் பார்த்ததில்லை என்றார். அது விதிக்குப் புறம்பா என்று தலைவர் கேட்டார். தைக்கக் கூடாது என்று விதியில் இல்லை என்று பொறியாளர் ஒப்புக்கொண்டார். அத்தோடு தெரு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு தெருவை நாற்பத்திரண்டு தெருவுக்கு எப்படிப் பங்கு வைப்பது என்று கூட்டத்தில் இரண்டு நாற்காலிகள் உடையும் அளவுக்கு விவாதம் நடந்தது. கடைசியில் வாரம் ஒரு தெருவில் விரிப்பது, திங்கட்கிழமை சுருட்டி அடுத்த தெருவுக்கு எடுத்துப்போவது, அதிகப் புகார் வந்த தெருவுக்கு முதல் முறை, புகார் குறையக் குறைய வரிசையில் பின்னால் என்று முடிவாயிற்று. ஊரே சந்தோஷப்பட்டது. ஒரே ஒரு ஆளைத் தவிர.

அந்த ஆள், ஊரின் கடைக்கோடித் தெருவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். எல்லோரும் அவனைப் பஞ்சர் என்றே கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். ஒரு தகரத் தொட்டி நிறையத் தண்ணீர், ஒரு கைப்பம்பு, ஒட்டுப் போடும் பசை, உப்புத்தாள், வாசலில் நான்கு அருமையான குழிகள், இவ்வளவுதான் அவனுடைய முதல். குழிகளுக்குப் பெயர் வைத்திருந்தான். ஆழமாக இருந்தது கிணறு. நீளமாக இருந்தது தொட்டில். மழைக்கு மட்டும் தலைகாட்டுவது விருந்தாளி. நட்ட நடுவில், கண்ணால் பார்த்துக்கொண்டே போய் விழும்படி இருந்தது மாமியார். அக்கம்பக்கத்தார் சேர்ந்து அவ்வப்போது மாமியாரில் செங்கல்லைக் கொட்டி நிரப்புவார்கள். விடிவதற்குள் பஞ்சர் அதைத் தோண்டி எடுத்துக் கடைக்குப் பின்னால் அடுக்கிவிடுவான். அந்தத் தெருவின் புகார்ப் பெட்டியை நகராட்சி அவன் கடைச் சுவரில்தான் மாட்டியிருந்தது. பெட்டியில் விழுந்த காகிதமெல்லாம் கையிலிருந்த பசையைத் துடைக்கப் பயன்பட்டது. இதனால் நகராட்சிக் கணக்குப்படி அது குறையே இல்லாத தெரு. முந்தின வருஷம் ஊரின் சிறந்த தெரு என்று ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். கவுன்சிலரம்மா தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்ததை அவன் பம்புக்கு மேலே மாட்டி வைத்திருந்தான்.

அவன் மனைவிக்கு முட்டை வியாபாரம். காலையில் தட்டுத் தட்டாக முட்டையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுவாள். புதுத் தெரு ஊருக்கு வந்த வாரத்திலேயே அவள் மாமியாரில் விழுந்தாள். ஒரு முட்டை தப்பவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மஞ்சள் கருவுக்கு நடுவில் உட்கார்ந்தபடி நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். முந்தின சாயங்காலம் அவளே கூடை எடுத்துக் கொட்டி நிரப்பிய குழி அது.

“அந்தச் செங்கல்லு நம்ம கடைக்குப் பின்னாடி என்ன பண்ணுது?”

“அது சும்மா கிடக்கு.”

“நேத்து குழியில கிடந்துச்சு.”

“செங்கல்லுன்னா எங்கயாச்சும் கிடக்க வேண்டியதுதானேம்மா.”

“சரி. நான் எங்க அம்மா வீட்டுல போய்க் கிடக்கேன். தெரு வந்ததும் சொல்லி அனுப்புங்க, வரேன்.”

பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில் தண்ணீர்த்தொட்டித் தெருவில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இடுப்பு பத்து நாளில் சரியாகிவிட்டது. கோபத்துக்கு வைத்தியம் இல்லை. பஞ்சருக்கு அப்போதுதான் தன் நிலைமை முழுசாக விளங்கியது. தெரு வந்தால் கடை போகும். தெரு வராவிட்டால் அவள் வரமாட்டாள். ஒரு வாரம் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுப் பார்த்தான். கடை போனால் போகிறது என்று முடிவு செய்தான்.

முதலில் தானே குழியை அடைத்துவிடலாம் என்று நினைத்தான். செங்கல் முழுவதையும் சுமந்துபோய்க் கொட்டி, மண் போட்டு மூடி, ஏறி நின்று மிதித்துவிட்டு வந்தான். காலையில் பார்த்தால் செங்கல் எல்லாம் கடைக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருந்தது. மறுநாளும் அப்படியே. ஆள் யாரும் வரவில்லை. குழிகளே திருப்பி அனுப்பியிருந்தன. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்ததில் அவற்றுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவற்றிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபிப்பது?

அடுத்ததாக வீடு வீடாகப் போய்ப் புகார் எழுதிப் போடச் சொன்னான். இவனே எழுதச் சொல்கிறான் என்றால் இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று ஒருத்தரும் எழுதவில்லை. கடைசியில் நகராட்சிக்கே போய்க் கவுன்சிலரம்மா எதிரில் நின்றான்.

“உங்க தெருவா? அது நம்ம ஊரோட பெருமையாச்சேப்பா!”

“ஒரே குழிங்கம்மா.”

“என்ன குழி? சான்றிதழ் கொடுக்க நானே வந்தேனே.”

“நீங்க கார்ல தூங்கிக்கிட்டே வந்தீங்கம்மா.”

“தூக்கம் கலையாத அளவுக்குத் தெரு இருந்திருக்குல்ல?” என்றார் கவுன்சிலரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்ப்பா, உன் பொழைப்பே குழியிலதான். உனக்கெதுக்குத் தெரு?” என்று கேட்டார்.

“பொழைப்பு குழியில இருக்கும்மா. பொண்டாட்டி தொட்டித் தெருவுல இருக்கா.”

கவுன்சிலரம்மாவுக்கு மனசு இளகியது. ஆனால் வரிசை வரிசைதான். அவன் தெரு நாற்பத்திரண்டாவது. போதாக்குறைக்குத் தலைவர், தன் சொந்தக்காரர்கள் இருக்கும் தெருக்களில் இரண்டாம் சுற்றை இப்போதே ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மாமியார் வீட்டுக்குப் போய் ஜன்னலடியில் நிற்பான். மாமியார் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறப்பார். “தெரு வந்துச்சா மாப்ளே?” “இன்னும் வரல அத்தை.” “அப்ப நீங்க மட்டும் எதுக்கு வந்தீங்க?” கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே மனைவி சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்க அவன் அடுத்த ஞாயிறும் போவான். இப்படியே வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. விருந்தாளி நிரம்பியது. கடையில் நல்ல வியாபாரம். ஒவ்வொரு டியூபையும் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அதில் ருசி போய்விட்டது.

தெருவைச் சுருட்டுகிற வேலைக்கு ஒரு மேஸ்திரியும் எட்டு ஆட்களும் இருந்தார்கள். மூன்று மாதச் சம்பளப் பாக்கி என்பதால் மேஸ்திரி முன்னைப் போல நடந்துபோய்ப் பார்ப்பதில்லை. ஒரு முனையில் நின்றே “உருட்டு” என்று குரல் கொடுத்துவிடுவார். ஒரு திங்கட்கிழமை அப்படி உருட்டியபோது, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் உள்ளே போய்விட்டார். அடுத்த தெருவில் விரித்தார்கள். அவர் அதே பெஞ்சில், விளையாட்டுப் பக்கத்துக்கு வந்திருந்தார். மேஸ்திரி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். “உள்ள கொஞ்சம் இருட்டு, தார் வாசனை. மத்தபடி வசதிதான்” என்றார் தபால்காரர். அவருக்கு அந்தத் தெருவில்தான் பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ் காசு மிச்சம்.

இது தெரிந்ததும் திங்கட்கிழமைகளில் கூட்டம் சேர்ந்தது. பையோடும் குழந்தையோடும் சைக்கிளோடும் வந்து தெருவில் உட்கார்ந்துகொள்வார்கள். மேஸ்திரி உருட்டுவார். சுருளின் எடை எப்போதும் ஒன்றேதான், எட்டுப் பேர் தூக்குகிற எடை. அடுத்த தெருவில் எல்லோரும் இறங்கி உடையைத் தட்டிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். நகராட்சி உடனே ஆளுக்கு ஒரு சின்னக் கட்டணம் வைத்தது. ஊரின் ஒரே பேருந்தை விற்று இரண்டு மாதச் சம்பளப் பாக்கியை அடைத்தது. வரவு செலவுக் கூட்டத்தில் முதல் தடவையாகக் கைதட்டல் கேட்டது. நிழற்குடை மட்டும் தெருவோடு சேர்த்துத் தைத்திருந்ததால் அப்படியே இருந்தது.

ஒரே ஒரு குறை. உள்ளே போன சைக்கிள்கள் எல்லாம் வெளியே வரும்போது சக்கரத்தில் காற்று இருக்காது. டயர் துணி மாதிரி தொங்கும். பாதி டியூப் கிழிந்தும் போயிருக்கும். மனிதர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒருவர் கொண்டுவந்த கண்ணாடிக் குடம் கீறல் இல்லாமல் வந்தது. முட்டைகூட உடையவில்லை. நகராட்சி ஒரு குழு அமைத்தது. குழு இரண்டு முறை கூடி, முட்டைக்கு வால்வு கிடையாது என்ற முடிவுக்கு வந்தது. புகார்கள் மட்டும் குவிந்தபடி இருந்தன. பயணக் கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று தெருவின் நடுவிலேயே ஜனங்கள் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தார்கள்.

கவுன்சிலரம்மா இந்தத் தடவை பஞ்சர் கடைக்குத் தூங்காமல் வந்தார். வழியில் கார் இரண்டு முறை குழியில் இறங்கியதால் தூங்கவும் முடியவில்லை.

“நகராட்சி உனக்கு ஒரு பதவி கொடுக்குதுப்பா. தெருவோட கூடவே போற பஞ்சர் அதிகாரி.”

“சம்பளம்?”

“சம்பளமா? ஊர் இருக்கிற இருப்புல கேக்கற கேள்வியா இது?”

“அப்ப பதவிய வெச்சிக்கிட்டு நான் என்னம்மா சாப்பிடறது?”

“ஒட்டற காசு முழுக்க உனக்குத்தான். நகராட்சி அதுல கை வைக்காது.” கொஞ்சம் யோசித்து, “ஆறு மாசத்துக்கு” என்று சேர்த்துக்கொண்டார்.

பஞ்சர் தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். அவனும் யோசித்துத்தான் சொன்னான். வருகிற திங்கட்கிழமை தெரு தன் வாசலில் விரியவேண்டும். அப்படியானால் அவன் அதிகாரி. இல்லாவிட்டால் ஜனங்கள் யார் சட்டையைப் பிடித்தாலும் அவனுக்கென்ன. கவுன்சிலரம்மா தலைவரின் அத்தை பெண் தெருவை வரிசையிலிருந்து தூக்கிவிட்டு, கடைக்கோடித் தெருவை அந்த இடத்தில் போட்டார். நாற்பத்திரண்டாவது தெரு எப்படி அடுத்த தெரு ஆனது என்று கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, “சிறந்த தெருவுக்குச் சிறப்புச் சலுகை” என்று பதில் சொல்லப்பட்டது.

அந்த வாரம் தெரு தண்ணீர்த்தொட்டித் தெருவில்தான் விரித்துக் கிடந்தது. பஞ்சர் ஞாயிறன்று போய் ஜன்னலடியில் நின்றான். “நாளைக்கு எங்க தெருவுக்கு வருது அத்தை. சொல்லிடுங்க.” ஜன்னல் சாத்திக்கொண்டது. சிரிப்புச் சத்தம் வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவன் யோசித்தான். ஒருவேளை அவளுக்கு அம்மா வீடு பழகிவிட்டதோ? தெரு வரட்டும் என்றது, நம்மைத் தட்டிக்கழிக்கச் சொன்ன சாக்கோ? நாளைக்குத் தெரு வந்து அவள் வராவிட்டால், அடுத்த ஞாயிறு எந்த வாயால் என்ன கேட்பது?

திங்கட்கிழமை சுமார் பத்து மணிக்குச் சுருள் வந்தது. மேஸ்திரி கயிற்றை அவிழ்த்தார். “விரி” என்றார். கிணறு மூடியது, தொட்டில் மூடியது. குழிகள் ஒன்றும் சொல்லவில்லை. நகராட்சி முத்திரை குத்திய பொருள் என்பதால் மரியாதை கொடுத்திருக்கலாம். முதல் பெஞ்சு வந்தது, காலியாக இருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் காற்று போய்ச் சாய்ந்து கிடந்தன. மூன்றாவது பெஞ்சில் ஒரு வாத்தியார், இரண்டு கல்லூரிப் பையன்கள். நிழற்குடையில் யாரும் இல்லை. பஞ்சர் பம்பைக் கையில் பிடித்தபடி நின்றான். தெரு விரிந்துகொண்டே வந்தது. கடைசிப் பத்தடியும் தரையில் சரிந்தபோது நாலாவது பெஞ்சில், மடியில் பெட்டியும் பக்கத்தில் ஆறு தட்டு முட்டையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு குலுக்கல் இல்லைங்க” என்றாள். “ஒரு முட்டைகூட உடையல பாருங்க.”

அவன் முட்டையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டான். எண்ணவில்லை. அவளுக்குப் பின்னால், பெஞ்சின் மறைவிலிருந்து மாமியாரும் எழுந்து நின்றார்.

“எந்தக் குழிக்கு மாப்ளே என் பேரு வெச்சீங்க?”

“மூடியாச்சு அத்தை” என்றான் பஞ்சர். “நீங்க அது மேலதான் நிக்கிறீங்க.”

மாமியார் ஒரு காலை அழுத்தி மிதித்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை.

அந்த ஒரு வாரம் போல ஒரு சந்தோஷத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளைகள் வெள்ளைக் கோட்டின்மேல் நடந்தார்கள். முட்டை வியாபாரம் இரண்டு மடங்கானது. பஞ்சர் கடையில் ஈ ஓட்டினான், ஆனால் வீட்டில் அவன் சமைக்கவேண்டி இருக்கவில்லை. அவனும் அவளும் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. தெரு போனால் அவன் கூடப் போகவேண்டும், அதுதான் பேச்சு. தெருவை எடுத்த இடத்தில் திரும்பக் குழி இருக்கும். அதைப் பார்த்தால் அவள் திரும்பப் பெட்டி கட்டுவாள். அவன் அப்படித்தான் நினைத்தான்.

திங்கட்கிழமை காலையில் அவன் தொட்டியையும் பம்பையும் நிழற்குடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லத் திரும்பினான். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கையில் அடுப்பு, கக்கத்தில் பாய். மாமியார் தலையணைகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

“வீடு?” என்றான் பஞ்சர்.

“வீடு எங்க போயிடப் போகுது? தெருதான் போகுது” என்றாள்.

“குழியெல்லாம் திரும்ப வெளிய வந்துடும்.”

“வந்தா அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். நம்ம முறை வரும்போது வந்து பாத்துக்கலாம். நீங்க முதல்ல அந்தத் தொட்டிய ஓரமா வைங்க, தண்ணி சிந்துது.”

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. நிழற்குடையில் ஒரு திரை வந்தது, அப்புறம் ஒரு கதவு. வாரா வாரம் விரித்த இடத்தில் அவன் ஒட்டினான், அவள் விற்றாள். நாற்பத்திரண்டு தெருக்களிலும் அவர்களுக்குப் பழக்கம் உண்டானது; எந்தத் தெருவில் யாருக்கு வேகவைத்த முட்டை ஆகாது என்பதுவரை மாமியாருக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து ஒட்டுக் காசில் பங்கு கேட்டு வந்த நகராட்சி ஆள், சுருட்டும் நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு, மாமியாருடன் அரை மணி நேரம் இருட்டில் பேசிவிட்டு வந்தவர், மறுபடி வரவில்லை. மகள் பிறந்தது ஒரு திங்கட்கிழமை, எட்டுப் பேர் தோளில், இரண்டு தெருவுக்கு நடுவில். எந்த வார்டில் பதிவது என்று பதிவாளர் ஒரு மாதம் யோசித்தார். இரண்டு வார்டுக்காரர்களும் பிள்ளை தங்களுடையது என்று சண்டைக்கு வந்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் கடைசியில் ‘தெரு’ என்று எழுதி முத்திரை குத்தினார். பள்ளிக்கூடத்தில் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பிறகு நல்ல காலமும் வந்தது. மணிக்கூண்டுக்குப் பெரிய முள் வாங்கினார்கள். காண்ட்ராக்டர்கள் நகராட்சிப் பக்கம் சிரித்துக்கொண்டே வரத் தொடங்கினார்கள். எல்லாத் தெருவுக்கும் நிலையான சாலை போட்டுவிட்டுச் சுருட்டுகிற தெருவை வேறு ஊருக்கு விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. ஜனங்களின் கருத்தைக் கேட்க ஒரு இளம் அதிகாரி கிளம்பினார். ஒரு திங்கட்கிழமை காலையில் நிழற்குடைக்கும் வந்தார். பஞ்சர் கையிலிருந்த டியூபை அப்படியே தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். மனைவிதான் பேசினாள்.

“நீங்க போடற ரோடு எங்க போகும் தம்பி?”

“எங்கயும் போகாதும்மா. போட்ட இடத்துலயே இருக்கும்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு. “அவ்வளவு செலவு பண்ணிட்டு எதுக்குங்க சும்மா கிடக்கணும்?” என்று கேட்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார். நாற்பத்திரண்டு தெருவிலும் இதையேதான் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. யோசனை கைவிடப்பட்டது.

அவர் எழுதி முடிப்பதற்குள் மேஸ்திரி அந்த முனையிலிருந்து “உருட்டு” என்று குரல் கொடுத்துவிட்டார். தெரு அந்தப் பக்கத்திலிருந்து எழும்பி வந்து வெளிச்சத்தை மூடியது. அதிகாரி, இறங்க வழி உண்டா என்று கேட்டார். அடுத்த தெருவில் இறங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. பஞ்சர் திரைக்கு உள்ளே போய்ப் பாயில் படுத்தான். சற்று நேரத்தில் இருட்டில் எல்லாச் சைக்கிள்களிலிருந்தும் காற்று மெதுவாக இறங்கத் தொடங்கியது, தூரத்து மழை மாதிரி. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்றாள் மனைவி.

தள்ளிப் படுத்தான். அந்தக் கோடியில் மாமியாரும் கொஞ்சம் தள்ளிப் படுத்தார். எட்டுப் பேரும் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள்.